சம்பளம் வருகிறது, கோப்பு வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

மத்திய அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள பணி உரிமைகளைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தில்லியின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் எழுதிய கடிதங்கள் என் மேசையில் குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். மத்தியத் தலைமைச் செயலகப் பணியில் 34 ஆண்டுகள் இருந்து, அவற்றில் கடைசி 7 ஆண்டுகள் மாற்றுத்திறனாளிகள் இடஒதுக்கீட்டுக்கான தொடர்பு அலுவலராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விதி என்ன சொல்கிறது என்பதோடு, அந்த விதி அலுவலக வாசலைத் தாண்டிய பிறகு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் அவர்களுடைய அலுவலகங்களின் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு எண்பது சதவீதம் பார்வைக் குறைபாடு. இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்து, பட்டம் பெற்று, போட்டித் தேர்வு எழுதி, ஓர் அலுவலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இன்றுவரை அவளுக்கு ஒரு கோப்பைக்கூடக் கொடுக்கவில்லை. கேட்டால் "ஆப் ஆராம் கீஜியே" (நீங்கள் ஓய்வெடுங்கள்) என்று அன்பாகச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுக்கிறார்களாம். காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஐந்தரை வரை சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள், இரவில் அழுகிறாள். உறவினர்களோ, "மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, இதில் என்ன குறை?" என்கிறார்கள். முறையிட்டால் வேலைக்கே ஆபத்து வருமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு தாய், மயூர் விஹார்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு நடப்பது குறைதான், சிறு குறையும் அன்று. அரசு அலுவலகத்தில் ஒருவர் வேலை கற்றுக்கொள்வது பயிற்சி வகுப்பில் அல்ல, கோப்பில்தான். குறிப்பு எழுதி, மேலதிகாரி அதைத் திருத்தி அனுப்பி, எந்த விதியை எங்கே தேட வேண்டும் என்று நாலு முறை தடுமாறித் தெரிந்துகொண்டு, இப்படித்தான் நாங்கள் எல்லோரும் கற்றோம். உங்கள் மகளுடன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் இந்தப் பதினான்கு மாதங்களில் அதையெல்லாம் கற்றிருப்பார்கள். அவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் "செய்த பணிகள்" என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது. சில ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வு வரும்போது, இன்று டீ வரவழைத்துக் கொடுப்பவர்களே "இவருக்கு அனுபவம் போதாது" என்று எழுதுவார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால், இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் நான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தபோது, காது கேளாத தட்டச்சர் ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். அவரை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று நினைத்து, உறைகளில் முகவரி அடிக்கும் வேலையை மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் பிற்பகலில் நாடாளுமன்றக் கேள்விக்கான பதில் ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். மற்ற இரு தட்டச்சர்களும் அன்று விடுப்பு. கையில் வரைவை வைத்துக்கொண்டு பக்கத்துப் பிரிவில் யாராவது கிடைப்பார்களா என்று நான் நடைவழியில் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தேன், என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே. அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு போய், மூன்று பக்கங்களையும் ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தார். வரைவில் நான் தவறாக எழுதியிருந்த விதி எண் ஒன்றைப் பென்சிலால் வட்டமிட்டும் காட்டினார். கூடவே ஒரு துண்டுத் தாளில், "இந்த வேலைக்காகத்தான் நான்கு மாதங்களாகக் காத்திருந்தேன்" என்று இந்தியில் எழுதி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்தத் துண்டுத் தாளை நான் ஓய்வு பெறும் நாள் வரை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் மகளின் அலுவலகத்துக்கு வருவோம். கோப்பு ஏன் அவரிடம் வருவதில்லை என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கலாம். இன்று கோப்புகள் கணினி வழியாக இ-ஆபீஸில் நகர்கின்றன. பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு வேலை செய்கிறார்கள். அந்த மென்பொருளால் எழுத்தைப் படிக்க முடியும். படத்தைப் படிக்க முடியாது. கணினியில் அடித்த கடிதத்தையே நம் அலுவலகங்களில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேனரில் கோணலாக வைத்துப் படமாக்கித்தான் கோப்பில் ஏற்றுகிறார்கள். பார்ப்பவருக்கு அது கடிதம். உங்கள் மகள் காதில் மாட்டியிருக்கும் ஒலிக்கருவியிலோ ஒன்றும் ஒலிக்காது, அல்லது "படம்" என்று மட்டும் ஒலிக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டச் சொன்னால் முதல் முறை படிப்பார், இரண்டாம் முறையும் படிப்பார். மூன்றாம் முறை, "இதை நானே பார்த்துவிடுகிறேன்" என்று கோப்பையே வாங்கிக்கொள்வார். கோப்பு கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. திரையை வாசிக்கும் மென்பொருள்களில் ஒன்றான என்விடிஏ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவரின் உழைப்பில் உருவானது. யாரும் இலவசமாகப் பெறலாம். படமாக உள்ள தாளிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருளும் இன்று எளிதில் கிடைக்கிறது. அதற்குத் தாளை நேராக வைத்துத் தெளிவாக ஸ்கேன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிவுக்குள்ளேயே உருவாகும் கடிதங்களை ஸ்கேன் செய்த படத்தோடு மூல வடிவிலும் கோப்பில் சேர்க்கும்படி பிரிவு அலுவலர் ஒரு வரி ஆணை போட்டால், பாதிச் சிக்கல் அன்றே தீரும்.

இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, ஊழியர் தம் பணியைச் செய்வதற்குத் தேவையான நியாயமான மாற்றங்களையும் தடையற்ற சூழலையும் ஒவ்வோர் அரசு நிறுவனமும் செய்து தர வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்பே, 2014 மார்ச் 31 அன்று, பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. உதவிக் கருவிகள், மென்பொருள், ஏற்ற இருக்கை, பணியில் சேர்ந்த பின் பயிற்சி ஆகியவற்றை அலுவலகங்கள் தர வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. உங்கள் மகள் தம் கடிதத்தில் இந்த இரண்டையும் தேதியுடன் குறிப்பிடட்டும்.

ஆம், கடிதமாகத்தான் கேட்க வேண்டும். வாயால் கேட்டதற்கு அலுவலகத்தில் நினைவு கிடையாது. "எனக்கு இன்ன இருக்கையின் பணிகளை ஒதுக்க வேண்டும், அதற்கு இன்ன மென்பொருளும் இன்ன ஏற்பாடும் தேவை" என்று ஒரே பக்கத்தில், யார் மீதும் குற்றம் சாட்டாமல், நிர்வாகப் பிரிவின் துணைச் செயலருக்கு எழுதி, எண்ணும் தேதியும் இட்ட ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளட்டும். பதில் வராவிட்டால், அதே சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய குறைதீர்ப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். பதிவான புகாரை அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். அதற்கும் மேலே, துவாரகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே அங்கே மனுக் கொடுக்கலாம். ஆணையரின் பரிந்துரையை ஏற்காத அலுவலகம், ஏன் ஏற்கவில்லை என்பதை மூன்று மாதங்களுக்குள் ஆணையருக்கும் மனுதாரருக்கும் தெரிவித்தாக வேண்டும்.

வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் மகள் இன்னும் தகுதிகாண் பருவத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் எழுதுவதுதான் பாதுகாப்பு. நாளை யாராவது "இவர் வேலை செய்யவில்லை" என்று குறிப்பெழுதினால், "வேலை கேட்டேன், கொடுக்கவில்லை" என்று காட்ட அவரிடம் தேதியிட்ட தாள் இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். ஆர்.கே.புரம் செக்டார் 5இல், நம் தமிழ்ச் சங்கம் இருக்கும் அதே செக்டாரில், தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தில்லிக் கிளை இருக்கிறது. கணினிப் பயிற்சி குறித்து அங்கே ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள். உங்கள் மகளுக்கு மென்பொருள் நன்றாகத் தெரிந்திருக்கலாம். இருந்தாலும், தம்மைப் போலவே அலுவலகத்தில் இருக்கும் நாலு பேரைச் சந்திப்பது அவருடைய இரவுகளுக்கு நல்லது.

கேள்வி: என் கணவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஓட்டுநர். ஆறு மாதங்களுக்கு முன் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி வண்டி ஓட்ட முடியாது என்பதால் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பணிக்காலம் இன்னும் பதினோரு ஆண்டுகள் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள்.
— வாசகி, திரிலோக்புரி

பதில்: சகோதரி, முதலில் இதைப் படித்தவுடன் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வெற்றுத் தாளில் மட்டுமல்ல, "மருத்துவச் செலவுக்காக" என்று சொல்லிக் கொடுக்கும் தாளிலும், ஒவ்வொரு வரியையும் உங்களுக்குத் தெரிந்த மொழியில் யாராவது படித்துச் சொல்லாமல் போட வேண்டாம்.

பணியில் இருக்கும்போது ஒருவருக்கு உடற்குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி அவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதமும் அதே பணிப் பயன்களும் உள்ள வேறொரு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் உடனே இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, இவற்றில் எது முன்னதோ அதுவரை, கூடுதலாக ஓர் இடத்தை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். இது முந்தைய பதிலில் சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு. அரசு நிறுவனம் என்பதில் பொதுத்துறை நிறுவனங்களும் அடங்கும். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு 47ஆவது பிரிவாக இருந்தது. பணியின்போது காலை இழந்து, தகுதியற்றவர் என்று வெளியேற்றப்பட்ட ஒரு காவலரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தப் பிரிவைக் காட்டியே அவருக்கு நீதி வழங்கியது. குணால் சிங் வழக்கு என்று சொன்னால் எந்தப் பணித்துறை வழக்கறிஞருக்கும் தெரியும்.

விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அவராகவே விலகினார் என்றாகிவிடும். அதன் பிறகு இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது மிகக் கடினம். எனவேதான் அவர்கள் அந்தக் கையெழுத்தைக் கேட்கிறார்கள். விபத்துக்குப் பிந்தைய மருத்துவத் தாள்களுடன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கூடவே, "20(4)ஆம் பிரிவின்படி மாற்றுப் பணி வழங்க வேண்டும்" என்று விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதுங்கள். கிடங்கு, அனுப்புகைப் பிரிவு, வண்டிகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் வேலை என்று எவையெல்லாம் தம்மால் முடியும் என்பதை உங்கள் கணவரே அந்தக் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. இத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டியவருக்கு வண்டிகளைப் பற்றித் தெரிந்தது அந்த அலுவலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

கேள்வி: என் மகன் இரண்டு மதிப்பெண்களில் மத்திய அரசுப் பணியை இழந்தான். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரு மாற்றுத்திறனாளிக்கு வேலை கிடைத்தது. எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை. ஆனாலும் இது நியாயமா என்ற கேள்வி மனத்தை அரிக்கிறது.
— வாசகர், கரோல் பாக்

பதில்: ஐயா, மனத்தில் உள்ளதை மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மதிப்பெண்களில் வாய்ப்பு போவது எவ்வளவு பெரிய வலி என்பது எனக்குத் தெரியும். அந்த வலிக்குக் காரணம் அந்த இளைஞர்தானா என்பதை மட்டும் சேர்ந்து பார்ப்போம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு 4 சதவீதம். நூறு காலியிடங்கள் கொண்ட சுழற்சிப் பட்டியலில் 1, 26, 51, 76 ஆகிய நான்கு இடங்கள் அவர்களுக்கு உரியவை, அதாவது இருபத்தைந்துக்கு ஒன்று. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு சதவீதம், செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு சதவீதம், கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், தொழுநோயிலிருந்து மீண்டோர், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் முதலானோருக்கு ஒரு சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு சதவீதம். எந்தத் தளர்வும் பெறாமல் பொது மதிப்பெண்ணிலேயே தேர்வாகும் மாற்றுத்திறனாளியை இந்த நான்கில் கணக்கு வைக்கக் கூடாது. உங்கள் மகனைப் போன்ற பல்லாயிரம் பேர் போட்டியிட்டது மற்ற இடங்களுக்கு. அவன் இழந்தது அந்தப் போட்டியில்தான்.

அந்த இருபத்தைந்தில் ஒரு இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அரசு அலுவலகத்தில் பார்வையற்றவர் ஒருவரைப் பார்த்தால், அவர் தொலைபேசி இணைப்பகத்தில் இருப்பார், அல்லது பிரம்பு நாற்காலி பின்னுபவராக இருப்பார். அலுவலகத்தின் பின்புறம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு அருகில் கிழிந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும். ஈரப் பிரம்பை விரலால் தடவி, துளை துளையாகக் கோத்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் வேலைக்கு அவர் விண்ணப்பிக்க முடியும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. 1977இல் மத்திய அரசு கொண்டுவந்த 3 சதவீத ஒதுக்கீடு கீழ்நிலையில் உள்ள சி, டி பிரிவுப் பணிகளுக்கு மட்டுமே. 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி முதலானவர்கள் தில்லி வீதியில் இறங்கிக் கேட்ட பிறகு வந்த சட்டம்தான் மேல்நிலையில் உள்ள ஏ, பி பிரிவுகளின் கதவைத் திறந்தது. அதன் பிறகும், "பொருத்தமானவை" என்று தாங்களே தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் வைத்துச் சதவீதத்தைக் கணக்கிட்டார்கள். ஒட்டுமொத்தக் காலியிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல்.

தகுதி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. முதுகெலும்பு வளைவு உள்ள இரா சிங்கால், 2010ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் வென்றும், தள்ளவும் தூக்கவும் முடியாது என்ற காரணத்தால் பணி மறுக்கப்பட்டார். தீர்ப்பாயத்துக்குப் போய் 2014இல் வென்றார். அதே ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். நம் சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், முழுமையாகப் பார்வையற்றவர். வங்கியில் பணியாற்றிக்கொண்டே தேர்வெழுதி, 2015இல் இந்திய அயலகப் பணியில் சேர்ந்தார். பார்வையற்றோர் நீதிபதிகளாகக் கூடாது என்ற விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 மார்ச் 3 அன்றுதான். 2011 கணக்கெடுப்பின்படி 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ள நாட்டில், இவர்களைப் போல் எத்தனை பேரைக் கேட்காமலே திருப்பி அனுப்பியிருப்போம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகன் இரண்டு மதிப்பெண் தூரத்தில் நிற்கிறான். அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு எழுதத் தொடங்கினால் விரல்கள் இறுகிவிடும். மருத்துவர்கள் குறைபாட்டை 40 சதவீதத்துக்குக் குறைவாகவே மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒதுக்கீடும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வாய்ப்புண்டா?
— வாசகர், முனீர்கா

பதில்: ஒதுக்கீடு கிடைக்காது, அதற்கு 40 சதவீதம் கட்டாயம். ஆனால் சொல்வதை எழுதுபவரைக் கேட்கலாம். விகாஷ் குமார் என்ற தேர்வர் இதே சிக்கலோடு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு 6 சதவீதமே குறைபாடு என்று சான்றிதழ் இருந்தது. 40 சதவீதம் என்ற கோடு ஒதுக்கீட்டுக்கு உரியது, எழுத உதவி கேட்பதற்கு அதைத் தடையாக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதையொட்டி 2022 ஆகஸ்ட் 10 அன்று தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. உரிய படிவத்தில் அரசு மருத்துவமனைச் சான்றிதழை விண்ணப்பிக்கும்போதே இணையுங்கள். தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள்.

கேள்வி: இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்டவன் நான். கருணை அடிப்படையில் பணியில் சேர்ந்தேன். மேற்பதவியில் ஆய்வுப் பயணம் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி எனக்குப் பதவி உயர்வை மறுத்துவிட்டார்கள். ஒதுக்கீட்டில் சேராதவன் என்பதால் கேட்கும் உரிமையும் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: இரண்டுமே தவறு. குறைபாட்டை மட்டும் காரணமாக்கிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்களைப் போலவே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு, கருணை அடிப்படையில் கேரளக் காவல் துறையில் தட்டச்சராகச் சேர்ந்த லீசம்மா ஜோசப் என்பவரின் வழக்கில், எந்த வழியில் பணியில் சேர்ந்தார் என்பது பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. அதன் பின், 2022 மே 17 குறிப்பாணை ஏ பிரிவின் முதல் படி வரை பதவி உயர்விலும் 4 சதவீத ஒதுக்கீட்டை அளித்தது. நேரடி நியமனம் 75 சதவீதத்துக்கு மேற்படாத பதவிகளுக்கு அது பொருந்தும். மேலும், 2021 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த 3,566 பணியிடங்களின் பட்டியலில் நீங்கள் இப்போது வகிக்கும் பதவி இருந்தால், அதிலிருந்து உயர்ந்து செல்லும் பதவிகளும் பொருத்தமானவையாகவே கொள்ளப்பட வேண்டும். முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தீரவில்லையென்றால் கோபர்நிகஸ் மார்கில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் தில்லியில் செல்லாது, இங்கே புதிதாக வாங்கி வா என்கிறார்கள்.
— வாசகி, ஜனக்புரி

பதில்: செல்லும். முறைப்படி வழங்கப்பட்ட மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டத்தின் 58ஆவது பிரிவிலேயே இருக்கிறது. தமிழில் மட்டுமே உள்ள பழைய புத்தக வடிவ அட்டையாக இருந்தால், தேசிய அளவிலான தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையாக (யுடிஐடி) மாற்றிக்கொள்ளுங்கள். இங்குள்ள எழுத்தர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் வரும் சிக்கல் அதோடு போகும்.

கேள்வி: நான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். அடுத்த மாதம் காது கேளாத இளைஞர் ஒருவர் எங்கள் பிரிவில் சேரப்போகிறார். இதற்கு முன் எங்களுக்கு இந்த அனுபவம் இல்லை. நாங்கள் எப்படித் தயாராவது?
— வாசகர், லோதி காலனி

பதில்: அவர் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். 34 ஆண்டுகளில் என்னிடம் இதைக் கேட்ட பிரிவு அலுவலர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

அவர் வந்த அன்றே ஒதுக்கீட்டு ஆணையில் அவர் பெயருக்கு நேரே ஓர் இருக்கையின் முழுப் பணியும் இருக்கட்டும். பாதிப் பணி வேண்டாம். அவருக்கு என்ன தேவை என்பதை நீங்களாக ஊகிக்காமல் எழுதிக் கேளுங்கள். சிலர் உதட்டசைவைப் படிப்பார்கள், சிலர் சைகை மொழியில் மட்டும் பேசுவார்கள், சிலர் கருவி வைத்தால் ஓரளவு கேட்பார்கள். உதட்டைப் படிப்பவராக இருந்தால், சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள். உங்கள் முகம் அவருக்கு நிழலாகத்தான் தெரியும். நான் முன்பு சொன்ன தட்டச்சர் இதை எனக்குத் தெரிவித்த விதம் இன்னும் நினைவிருக்கிறது: என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நிறுத்தினார்.

தொலைபேசியில் தீரும் வேலைகளை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். கூட்டங்களில் பேசுவதை ஒருவர் அப்போதைக்கப்போது கணினியில் அடித்துக்கொண்டே வந்தால் அவர் திரையில் படித்துக்கொள்வார். முக்கியமான கூட்டங்களுக்கும் பயிற்சிக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கும்படி நிர்வாகப் பிரிவுக்கு எழுதுங்கள். 2015 முதல் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தில்லியில்தான் இயங்குகிறது. உங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் அங்கே அடிப்படைப் பயிற்சிக்கு வாய்ப்பிருக்கிறதா என்று விசாரியுங்கள். பகல் உணவு நேரத்தில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு பேசும் பேச்சில்தான் யார் மாற்றலாகிறார்கள், எந்த ஆணை வரப்போகிறது என்பதெல்லாம் தெரியவரும். அந்தப் பேச்சு அவரைச் சுற்றி நடக்கும், அவரிடம் வந்து சேராது. எனவே அவர் பக்கத்தில் உட்காருபவர் நாலு வரியைக் கைப்பேசியில் தட்டிக் காட்டும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள்.

அவருடைய மேசையைச் சுவரைப் பார்க்கப் போடாமல் கதவைப் பார்க்கப் போடுங்கள். தீ எச்சரிக்கை மணி அவர் காதில் விழாது என்பதால், உங்கள் அறையிலும் கழிப்பறைக்குப் போகும் நடைவழியிலும் மணியோடு சேர்ந்து ஒளிரும் விளக்கைப் பொருத்தச் சொல்லி இந்த வாரமே கோரிக்கை அனுப்புங்கள். அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மணி அடித்தால் அவரைத் தொட்டு அழைத்து வெளியே கூட்டிச் செல்ல வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்று இரண்டு பெயர்களை எழுதி, புதியவர் வந்து சேரும் நாளில் அவரிடமும் காட்டிவிடுங்கள்.